வளைவில் நான்கு சூப்

நான் ரயிலின் உணவகப் பெட்டியில் பரிமாறுகிறேன். என் கணவருக்கு ஊரிலேயே பெரிய ஹோட்டலில் அதே வேலை. "ஓடுற ரயில்ல தட்டு தூக்குறதெல்லாம் ஒரு வேலையா?" என்று கல்யாணமான நாளிலிருந்து என்னைச் சீண்டுவார். நேற்று எங்களுக்கு ஆள் குறைந்தது. "நீங்களே வந்து தூக்குங்களேன்" என்று கையோடு இழுத்துப் போனேன்.

மதியம் தக்காளி சூப். "கிண்ணத்துல பாதிதான் ஊத்தணும். பாலத்துக்கு முன்னாடி பெரிய வளைவு வரும், முழங்காலைக் கொஞ்சம் மடக்கிக்குங்க" என்றேன்.

"எனக்கேவா பாடம்?" என்று மீசையை முறுக்கினார். இரண்டு கிண்ணங்களில் விளிம்புவரை ஊற்றிக்கொண்டு விறைப்பாக நடந்தார்.

வளைவு வந்தது. அத்தனை சூப்பையும் அவருடைய வெள்ளைச் சட்டைதான் குடித்தது.

அதே வளைவில், நான்கு கிண்ணங்களோடு அவரைத் தாண்டிக் கடைசி மேசைவரை போனேன். ஒரு சொட்டு சிந்தவில்லை. சாப்பிட வந்தவர்கள் கரண்டியால் மேசையைத் தட்டி ஆரவாரம் செய்தார்கள். பெட்டியே அதிர்ந்தது.

அடுப்படியில் சட்டையைத் துடைத்தபடி மெதுவாகக் கேட்டார்: "எப்படிடி?"

"நான் மடக்கச் சொன்னது முழங்காலை. நீங்க முறுக்குனது மீசையை. அதுலயும் தக்காளி ஒட்டியிருக்கு, துடைச்சுக்குங்க."