உள்ளே இன்னும் செவ்வாய்க்கிழமை

அவளுடைய கணினிக்குள் மென்பொருளாலேயே ஆன இன்னொரு கணினியைக் குடிவைத்துக் கொடுத்திருந்தார்கள். மொழிபெயர்ப்பாளர் வேலைக்கான தேர்வை அதற்குள்தான் எழுத வேண்டும், அதிலிருக்கும் பிரவுசர் வழியாகத்தான் அனுப்பவும் வேண்டும். நோயாளிகளின் படிவங்கள் என்பதால் ஒரு வரியைக்கூட வெளியே நகலெடுக்க முடியாது. வியாழக்கிழமை பதினோரு மணி வரை கெடு.

இன்று வியாழன். ஒன்பது பக்கமும் தயார். ஆனால் அனுப்ப வேண்டிய பக்கம் திறக்கவில்லை. ‘இந்தத் தளத்தை நம்ப முடியாது’ என்று திரும்பத் திரும்ப வந்தது. பிரவுசரை மூடித் திறந்தாள். பழைய தடங்களை அழித்தாள். இணைப்பை அறுத்துச் சேர்த்தாள். எது கெட்டாலும் முதலில் தன்னையே சந்தேகிப்பது அவளுக்குக் கைவந்த கலை. மகள் பிறந்து நான்கு வருடம் வீட்டில் இருந்தவளுக்கு வந்த முதல் வாய்ப்பு இது. கைதவறி எதையாவது அழுத்தியிருப்போம் என்றே நினைத்தாள். திரையின் மூலையைப் பார்த்தாள். பத்து ஏழு. இன்னும் நேரம் இருக்கிறது.

போன் அடித்தது. திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே எடுத்தாள். நாத்தனார். ஓர் அலுவலகத்தின் கணினிகளையெல்லாம் கட்டி மேய்ப்பவள். அவளிடம் போய் நிற்கக் கூடாது என்றுதான் இவள் காலையிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

“தம்பி சொன்னான். உன் வாயில முத்து உதிர்ந்துடும்னு எனக்கு போன் பண்ணலையா?”

“உங்களுக்கு வேலை இருக்குமேன்னுதான் அண்ணி.”

“சரி சொல்லு. என்ன வருது?”

சொன்னாள்.

“திங்கட்கிழமை உள் கணினியை இருந்தபடியே சேமிச்சு வெச்சியாமே, அந்த நிலைக்குத் திருப்பிடு. எல்லாம் பழையபடி ஆயிடும்.”

“அப்புறம் எழுதின அஞ்சு பக்கம்?”

“போயிடும். வேற வழி தெரியல எனக்கு.”

அம்புக்குறி திருப்பும் பொத்தானின்மேல் போய் நின்றது. ஐந்து பக்கத்தை மறுபடி எழுத முடியுமா? ஓடி ஓடி எழுதினால் மூன்று. பழைய நான்கோடு மூன்று பக்கமாவது சேர்த்து அனுப்பலாம். அழுத்தப் போனாள்.

“சீக்கிரம்மா. பதினோரு மணிக்கு எனக்கு மீட்டிங், பத்து நிமிஷம்கூட இல்ல.”

“இன்னும் அம்பது நிமிஷம் இருக்கே அண்ணி.”

“எந்த ஊரு கடிகாரத்தைப் பாக்குற நீ? மணி பத்து அம்பத்திரண்டு.”

போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். அம்பத்திரண்டேதான். மறுபடி திரையின் மூலைக்கு வந்தாள். மணிக்குக் கீழே பொடி எழுத்தில் தேதி. செவ்வாய்க்கிழமை.

செவ்வாயன்றுதான் மகளுக்குக் காய்ச்சல் கண்டது. உள்ளிருந்த கணினியை அணைக்காமல் அப்படியே நிறுத்திவைத்துவிட்டு ஓடியிருந்தாள். இன்று காலை மறுபடி ஓடவிட்டதும், அது விட்ட இடத்திலிருந்தே நேரத்தை எண்ணிக்கொண்டிருக்கிறது.

“அண்ணி, இதுக்கு இன்னும் செவ்வாய்க்கிழமை.”

“அட கடவுளே. தளம் உண்மையானதுதான்னு காட்டுற சான்றிதழ் நேத்து புதுசா போட்டதா இருக்கும். இன்னும் பொறக்காத சான்றிதழை அது எப்படி நம்பும்? தேதியை மாத்து. எதையும் திருப்பிடாத.”

மாற்றினாள். பக்கம் திறந்தது. கடவுச்சொல்லை இரண்டு முறை தப்பாக அடித்தாள். அம்பத்தேழு. எட்டாம் பக்கமும் ஒன்பதாம் பக்கமும் அவள் திருப்பிப் படிக்காதவை. எதையும் மூன்று முறை படிக்காமல் கைவிட்டு அறியாதவள். கோப்பைத் திறந்தால் கண் வரிகளில் சிக்கிக்கொள்ளும் என்று தெரியும். திறக்காமலே அனுப்பினாள்.

வட்டம் சுற்றியது.

“மீட்டிங்குக்குப் போகலையா அண்ணி?”

“சுத்தி முடியட்டும். அவங்க என்னைத் தின்னுட மாட்டாங்க.”

‘பெற்றுக்கொண்டோம், 10:59’ என்று வந்தது. அவள் அதை வாய்விட்டுப் படித்தாள். நம்பிக்கை வராமல் இன்னொரு முறை படித்தாள்.

“ரெண்டு பக்கம் திருப்பிப் பாக்காம அனுப்பிட்டேன். தப்பு இருக்கும்.”

“இருக்கட்டும். ஒண்ணு ரெண்டு இருந்தாத்தான் மனுஷி எழுதினதுன்னு நம்புவாங்க. வைக்கிறேன்.”

போனை வைத்தாள். எட்டாம் பக்கத்தைத் திறந்து, முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினாள்.