பெயின்ட்டுக்கு அடியில்

காற்றாலை இறக்கைகளை ஏற்றிக்கொள்ள ஒரு ஜெர்மன் கப்பல் தூத்துக்குடிக்கு வந்திருந்தது. இறக்கைகளை இழுத்துக் கட்டுவதற்கான இரும்பு வளையங்களைக் கப்பல் தளத்தில் வெல்டிங் செய்ய ஆறு பேர் போனார்கள். மேஸ்திரி முப்பிடாதி. அந்த ஆறில் ஒருவன் புன்னைக்காயல் ஊர்க்காரன் கிளைட்டன்.

“ஏலே, மத்தவனெல்லாம் ரெண்டு வளையம் முடிச்சிட்டான். மூணாவது தடவ யாருக்குல வெல்டிங் ஓட்டுத?” என்று முப்பிடாதி கத்தினார்.

“டிராயிங்ல மூணுன்னுதான் போட்டிருக்கு அண்ணாச்சி.”

மற்றவர்கள் சிரித்தார்கள். மதியச் சாப்பாட்டுக்கு அவனை யாரும் கூப்பிடவில்லை.

கப்பல் அதிகாரி ஹோல்கர் தினமும் சுத்தியலோடு வந்து ஒவ்வொரு வளையத்தையும் தட்டிப் பார்ப்பார். “இண்டியன் ஒர்க்” என்று உதட்டைப் பிதுக்குவார். கிளைட்டன் வெல்டிங் செய்ததற்கும் அதே பிதுக்கல்தான்.

மூன்றாம் நாள், வேறொருவன் முடித்திருந்த பக்கத்து வளையத்தில் மயிரிழை போல ஒரு விரிசலைக் கிளைட்டன் பார்த்தான். முப்பிடாதியிடம் சொன்னான்.

“பெயின்ட் அடிச்சி விடு.”

கடல் நடுவில் இறக்கை பிய்த்துக்கொண்டால் கப்பலில் இருப்பவர்கள் என்ன ஆவார்கள்? அவன் நேரே ஹோல்கரிடம் போனான்.

“தெரியும். உங்கள் நாட்டில் இப்படித்தான்” என்றார் ஹோல்கர். முப்பிடாதியை அழைத்து, எல்லார் முன்னாலும் திட்டி, அதைத் திரும்பச் செய்ய வைத்தார்.

அப்போதுதான் இறக்கைகளை வைப்பதற்காகக் கப்பலோடு வந்த பழைய இரும்புத் தாங்கி ஒன்று கிளைட்டன் கண்ணில் பட்டது. ஜெர்மனியிலேயே வெல்டிங் செய்தது. ஓரிடத்தில் உப்பியிருந்த பெயின்ட்டைச் சுரண்டினான். உள்ளே விரல் நீள விரிசல். மேலே பட்டி பூசி அடைத்திருந்தார்கள்.

“சார், இதுவும் இண்டியன் ஒர்க்கா?”

ஹோல்கர் முகம் சிவந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து மணிக்கு இறக்கைகளை ஏற்றத் தொடங்க வேண்டும்.

“பெயின்ட் அடி” என்றார்.

“அரை மணி நேரம் குடுங்க சார்.”

அவர் கடிகாரத்தைத் தட்டிக் காட்டிவிட்டு நடந்தார். கிளைட்டன் விரிசலைத் தேய்த்தெடுத்து மூன்று தடவை ஓட்டினான். தீப்பொறி விழுந்தால் அணைக்க வாளியோடு பக்கத்தில் நிற்கக்கூட யாரும் வரவில்லை.

இறங்கும்போது முப்பிடாதி ஏணியடியில் நின்றார்.

“எங்க மானத்தையும் வாங்குன, அவன் மானத்தையும் வாங்குன. நாளைக்கு வராத.”

பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும், குவைத்தில் நர்ஸாக இருக்கும் மனைவி ஜெஸ்மிக்குப் போன் போட்டான்.

“டூட்டில இருக்கேன். சாப்பிட்டியளா?”

“ம்.”

“வேலை?”

“முடிஞ்சிட்டு” என்றான். அவள் அவசரமாகப் போனை வைத்தாள்.