கடிதத்தில் சேர்க்காத படலை

வந்த கடிதத்தை மூன்று தரம் வாசித்த பிறகே வாய் திறப்பது என் வழக்கம். அன்றைக்கு நான்காம் தரமும் வாசித்தேன். கனகாம்பிகை எதிரில் நின்று என் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எழுத வாசிக்க வராது. ஆறு வருஷமாக அவளுடைய கடிதங்களை நான்தான் எழுதுகிறேன்.

இந்தக் கடிதம் மலாயாவிலிருந்து ஆஸ்பத்திரி டொக்டர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதியது. அவளுடைய புருஷன் ஆழ்வாப்பிள்ளைக்கு அங்கே ரெயில்வேயில் வேலை. தண்டவாளத்தருகே விழுந்து தலையில் அடிபட்டுவிட்டது. காயம் ஆறிவிட்டது, ஆனால் 'அம்னீசியா'. யாழ்ப்பாணத்தில் தனக்கு வீடும் இல்லை, மனைவியும் இல்லை என்று கப்பலேற மறுக்கிறார். பெட்டியிலிருந்த கடிதங்களைத் தமிழ் தெரிந்த ஒருவர் வாசித்துக் காட்டினார். ஆழ்வாப்பிள்ளை வேறு யாருக்கோ வந்தவை போலக் கேட்டுக்கொண்டிருந்தார். இன்னும் மூன்று மாதம் பார்ப்போம்; பிறகு சித்தசுவாதீனம் இல்லாதவர்களை நிரந்தரமாக வைத்திருக்கும் இடத்துக்கு அனுப்பிவிடுவோம். இவ்வளவையும் அவளுக்குத் தமிழில் சொன்னேன்.

"உதென்ன வருத்தம், பஞ்சலிங்கம் அண்ணை? பேரைச் சொல்லுங்கோவன்."

அச்சுவேலிப் பள்ளிக்கூடத்தில் படித்தபோது வாங்கிய அகராதி இன்னும் என் மேசையில் இருக்கிறது. அதன் பின்பக்கங்களில் கிரேக்க வேர்கள். மனத்தைப் பற்றிய ஆங்கிலச் சொற்களில் பல அங்கிருந்து வந்தவை. 'சைக்கே' என்றால் மூச்சு, உயிர், மனம், வண்ணத்துப்பூச்சியும் அதுவே. 'பிரென்' என்றால் நெஞ்சுக்கூட்டின் அடியில் மூச்சோடு ஏறி இறங்கும் சவ்வு. மனம் குடியிருப்பதும் அங்கேதானாம். பரீட்சைக்காகப் பாடமாக்கினேன். ஒரு பெண்ணுக்கு எடுத்துச் சொல்ல வேண்டிவரும் என்று நினைக்கவில்லை.

"ம்னேசிஸ் எண்டால் நினைவு, தங்கச்சி. முன்னாலை வாற 'அ' இல்லையெண்டு சொல்லுறது. எங்கடை அநியாயத்திலை வாற 'அ' போலை."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அநியாயம் எண்டாலும் உள்ளுக்கை நியாயம் கிடக்குதெல்லே?"

அகராதியைத் தள்ளிவைத்தேன்.

நான் எழுதும் கடிதங்களுக்கெல்லாம் இலக்கமிட்டு நகல் வைப்பேன். அவளுடைய பன்னிரண்டையும் எடுத்துப் பார்த்தேன். 'இங்கு யாவரும் சுகம். தங்கள் சுகத்துக்கு இறைவன் துணை. மழை போதியளவு பெய்தது.' பன்னிரண்டும் ஒரே அச்சு. எந்த ஊர்ப் பெண்ணும் எந்தப் புருஷனுக்கும் அனுப்பலாம். அவள் அப்படியா சொன்னாள்? ஒவ்வொரு முறையும் ஆடு, மாமரம், கிணறு, வாசல் படலை என்று என்னென்னவோ கதைத்தாள். கடிதத்துக்கு ஒவ்வாதவை என்று நான்தான் விட்டுவிட்டேன். அந்த மனிதர் எட்டிப் பிடிக்க ஒரு கொப்பைக்கூட நான் அனுப்பவில்லை.

மறைக்காமல் அதைச் சொன்னேன்.

"அப்ப ஆறு வருஷமாய் அவர் உங்களோடையோ குடும்பம் நடத்தினவர்?" என்றாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் நிறைந்திருந்தது.

"இப்ப கதை, தங்கச்சி. ஒண்டும் விடாமல் எழுதுறன்."

மத்தியான வெயில் முற்றத்து மணலில் தண்ணீர்போல் அசைந்தது. வேலிப் பூவரசில் மஞ்சள் வண்ணத்துப்பூச்சி ஒன்று இருப்பதும் எழும்புவதுமாக இருந்தது. கனகாம்பிகை கண்களை மூடிக்கொண்டு கதைத்தாள். கறுத்தக்கொழும்பான் மாமரம் இந்த முறை ஒரு பக்கம் மட்டும் பூத்தது. கிணற்றடி வாழைக்குள் ஆடு பூந்துவிட்டது. தண்ணீர் இறைக்கும் துலா அதே மாதிரித்தான் கிரீச்சிட்டு அழுகிறது. அவர் கம்பியால் கட்டின படலை, திறக்கும்போது இன்னும் மண்ணிலே இழுபடுகிறது. நான் ஒருநாளும் போகாத அந்த வளவுக்குள் என் பேனை நடந்து திரிந்தது. எழுதி முடித்தபோது, என் காலில் கிணற்றடி ஈரம் ஒட்டியிருப்பது போலத் தோன்றியது.

பதில் வர ஏழு கிழமை ஆனது. டொக்டரின் கடிதத்தை அன்றைக்கு நான் முழுதாக ஒரு தரம்கூட வாசிக்கவில்லை; பாதியிலேயே வாய் திறந்துவிட்டேன்.

"பேருகள் இன்னும் நினைவில்லையாம். உன்ரை கடிதத்தை வாசிச்சுக் காட்டேக்கை, படலை வந்த இடத்திலை அவர் மறிச்சவராம். 'படலையைக் காலாலை உதைக்க வேண்டாமெண்டு அவளிட்டைச் சொல்லுங்கோ, கம்பி அறுந்துபோம். இடக்கையாலை தூக்கித் தள்ளவேணும்' எண்டவராம்."

நகலை எடுத்துப் பார்த்தேன். "காலாலை உதைக்கிறதைப் பற்றி நீ ஒண்டும் சொல்லேல்லையே?"

"சொல்லுவனோ? ஏச்சல்லோ விழும்." அவள் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். முந்தானை முகத்தை மூடியிருந்தது. நெஞ்சு ஏறி இறங்கியது. முந்தானையை விலக்கி, "அப்ப என்ரை பேர் தெரியேல்லை?" என்றாள்.

"இல்லையாம்."

"பேர் கிடக்கட்டும். எழுதுங்கோ, அண்ணை."

பதினான்காம் கடிதத்தைத் தொடங்கினேன். 'இங்கு யாவரும் சுகம்' என்று கை தன்பாட்டில் எழுதிவிட்டது. வெட்டினேன்.

"கம்பி அறுந்துபோச்சு. கப்பலேறி வந்து கட்டுங்கோ" என்றாள்.

உண்மையாகவே அறுந்ததா என்று நான் கேட்கவில்லை. அப்படியே எழுதினேன்.