வடமேற்கே போன பந்து

1909இல் மெல்பர்னுக்கு ஆஸ்திரேலியக் கால்பந்து ஆட வந்த மெர்வின் ஸ்கெல்டன் எந்தப் பக்கம் உதைத்தாலும் பந்து வடமேற்கே திரும்பியது. அந்தத் திசையில், ஒரு பகல் ரயில் பயணத்துக்கு அப்பால், அவன் மனைவி ஆடா தனியாகத் தங்கிவிட்ட ஹாப்டவுன் இருந்தது. அதனால் காரணத்தை யாரும் தேடவில்லை. பந்தைக் கையால் குத்தியும் அனுப்பலாம், நான்கு பாகங்களில் ஒவ்வொன்றுக்கும் முனை மாறும், அப்படிப்பட்ட ஆட்டம் அது. வடமேற்கு முனையைத் தாக்கும்போது அவன் கோல்களாகக் குவித்தான். எதிர்முனை என்றால் கேப்டன் கிளேட்டன், "காலை வெச்சுக் கெடுத்துடாதடா, கையால குத்திக் குடு!" என்று கத்துவார். வேலியோரம் நின்று பார்க்கும் தோல்பட்டறை ஆட்கள் கேலியை விடமாட்டார்கள். "டேய் மெர்வ், பொண்டாட்டிய இங்க வரச் சொல்லு! எங்களுக்குப் பந்தாவது மிஞ்சும்!"

மூன்றாம் வருடம் கோப்பை கைக்கெட்டும் நிலையில் கிளப்பே டிக்கெட் எடுத்து ஆடாவை வரவழைத்தது. எதிர்முனைக் கோல் கம்பங்களுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார வைத்தது. கடைசிப் பாகத்தில் பந்து மெர்வின் கைக்கு வந்தது. உதைத்தான். பந்து ஆடாவை நோக்கிக் கொஞ்ச தூரம் போனது, பிறகு நடுவானில் திரும்பி, ஸ்டாண்டு கூரையைத் தாண்டி வடமேற்கே போய்விட்டது. கோப்பையும் போனது.

"அங்க வேற எவளோ இருக்கா டோய்!" என்று ஒருவன் கூவ, கூட்டம் சிரித்தது. ஆடா சிரிக்கவில்லை. எல்லாரும் கலைந்தபின் வேலியருகே போய், சேறு அப்பிய அவன் முகத்தைத் தன் கையுறையால் துடைத்தாள்.

"நான் இங்கதான் இருக்கேன், மெர்வ். அங்க யாரு இருக்கா, சொல்லு."



"வினி," என்றான்.

தொண்டை அடைப்பான் நோயில் போன மகள். அவளைப் புதைத்த வாரமே மெல்பர்ன் ரயில் ஏறியவன், அதற்குப் பிறகு அந்தப் பெயரை அன்றுதான் சொன்னான். "அவள நான் தனியா விட்டுட்டு வந்துட்டேன், ஆடா."

"நான் பக்கத்துலயே இருந்தேன். அதுக்குத்தான் உங்கூட வரல."

இருவரும் ஒரே ரயிலில் ஊர் திரும்பினார்கள். மெர்வின் முழங்கால் விட்டுப்போகும்வரை ஹாப்டவுன் அணிக்கு ஆடினான். அங்கே அவன் உதைத்த பந்தெல்லாம் மைதானத்தை ஒட்டிய கல்லறைத் தோட்டத்துக்குப் போனது. வெளியூர் அணிகள் முதலில் சண்டை போட்டன, பிறகு பழகிக்கொண்டன. சனிக்கிழமைகளில் ஆடா பின்னல் வேலையோடு அங்கே போய் உட்கார்ந்திருப்பாள். வந்து விழும் பந்தை எடுத்து, சின்னக் கல்லின் மேல் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, வேலிக்கு மேலே திருப்பி எறிவாள். அதுவரை இரண்டு அணியும் இடுப்பில் கை வைத்துக் காத்து நிற்கும்.