அமுதத்துக்கு வைத்த பரீட்சை

தங்கச்சி அமுதத்துக்குப் புத்தி மந்தம் என்று நிரூபிக்கத்தான் குழந்தைவேல் அன்று காலையில் வண்டி கட்டினான். கூடப்பிறந்தவளுக்கே இப்படிச் செய்வானா என்று உடனே கோபப்பட்டுவிடாதீர்கள். அவள்மேல் உயிரை வைத்திருந்தவன் அந்த ஊரில் அவன் ஒருவன்தான்.

அமுதத்திடம் ஒரே கோளாறு. யார் எதைக் கேட்டாலும் கொடுத்துவிடுவாள். பக்கத்து வீட்டு மணியம்மாள் கறவை மாட்டைக் கேட்டாள். கன்றோடு அவிழ்த்துக் கொடுத்தாள். விதைப்புக்கு முதல் நாள் எவனோ வந்து விதைநெல்லைக் கேட்டான். அதையும் அள்ளிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நின்றாள். இப்போது புருஷன் செத்து, பாகூர் ஏரிப் பாசனத்தில் இரண்டு காணி நிலம் அவள் கைக்கு வந்திருந்தது. புருஷனின் பங்காளி ஏகநாதன் பத்திரமும் மைப்பெட்டியுமாக அவளையே சுற்றிக்கொண்டிருந்தான். ஒரு கைநாட்டு, தீர்ந்தது கதை. அவளுக்குப் புத்தி போதாது என்று கோர்ட்டு சொல்லிவிட்டால் அண்ணனே காப்பாளன், அவள் கைநாட்டு செல்லாது. இது வக்கீல் காட்டிய வழி. கோர்ட்டோ பிரான்சிலிருந்து புதிதாக வந்த டாக்டர் ஒருவரைச் சோதித்துப் பார்க்கச் சொல்லிவிட்டது. புத்தியை அளக்க அவரிடம் ஒரு பெட்டி நிறைய தாள் இருக்கிறதாம்!

பாகூர் மேரியில், அதாவது அப்போது ஆண்ட பிரெஞ்சுக்காரர்களின் ஊர் ஆபீசில், டாக்டர் கேள்வி கேட்டார். சௌந்தரராஜன் என்ற துபாஷி அதைத் தமிழில் சொன்னார். குழந்தைவேல் சுவரோரமாக நின்றான்.

ஏரியில் மூழ்கிச் செத்தவன் ஒருவன் கரையேறி வந்து தன் சாவை ஊராரிடம் சொன்னான், இதில் என்ன தப்பு என்று கேட்டார்கள். அமுதத்தின் உதடு லேசாகத் துடித்தது. சிரிப்பை அடக்குகிறாளோ என்று குழந்தைவேலுக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஆனால் தெரியாது என்றுதான் சொன்னாள். அடுத்ததற்கும் தெரியாது. அதற்கடுத்ததற்கும் அதுவே. ஆறு வயதுப் பிள்ளையின் புத்தி என்று டாக்டர் எழுதிக்கொண்டார். குழந்தைவேலுக்கு மூச்சு சீராக வந்தது.

பிறகு டாக்டர் பேச்சில்லாத பரீட்சை ஒன்றை எடுத்தார். தாள் முழுக்கச் சந்துபொந்தாகக் கோடுகள். நடுவிலிருந்து கிளம்பி, முட்டுச்சந்தில் மாட்டாமல், பென்சிலைத் தூக்காமல் வெளியே வர வேண்டும். அமுதம் அதற்குமுன் பென்சிலைத் தொட்டதே இல்லை. அருவாப்பிடி மாதிரி அதை இறுக்கிப் பிடித்து, வெளிவாசலில் வைத்து, சந்து வழியாகவே உள்ளே நடுவை நோக்கி ஒரே இழுப்பாக இழுத்துவிட்டாள். தலைகீழாகச் செய்துவிட்டாள், பரீட்சை விதிப்படி பூஜ்ஜியம். டாக்டர் முகம் சுளித்து, ஏன் அங்கே தொடங்கினாள் என்று கேட்கச் சொன்னார்.

"கடைசி வயலுக்குத் தண்ணி எப்படிப் போவும்னு பார்த்துட்டுத்தானே மடையத் தொறப்பாங்க" என்றாள் அமுதம்.

துபாஷி சொல்லச் சொல்ல டாக்டரின் கண் விரிந்தது. அடுத்த தாளைக் கொடுத்தார், அதைவிடக் கடினமானது. பிறகு அதையும் மிஞ்சியது. மொத்தம் பன்னிரண்டு தாள். ஒன்றிலும் பென்சில் தயங்கவில்லை, ஒரு முட்டுச்சந்தில்கூட நுழையவில்லை. கடைசித் தாளில் தனக்கே தடுமாறும் என்று டாக்டர் வாய்விட்டுச் சொன்னார். குழந்தைவேல் சுவரைவிட்டு முன்னால் வந்து தாளை எட்டிப் பார்த்தான். அவள் கல்யாணமாகிப் போகும்வரை ஒரே கூரைக்குக் கீழே, ஒரே சட்டிச் சோறு. இது யார்?

முன்பு கேட்டதற்கெல்லாம் ஏன் தெரியாது என்றாய் என்று டாக்டர் கேட்டார். கேட்டால் மறைக்கத் தெரியுமா அவளுக்கு?

"அண்ணன் அப்படிச் சொல்லச் சொல்லுச்சு."

குழந்தைவேலுக்கு அங்கேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. வண்டியில் வரும்போது அவன் அப்படிச் சொன்னது நிஜம். டாக்டர் அவனைத் திட்டவில்லை. நிஜமான பதிலைச் சொல் என்று அவளிடம் கேட்டார், அவ்வளவுதான். பதில்கள் மடமடவென்று வந்தன. ஏழு எண்களைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னால், பின்னாலிருந்து முன்னால் ஒன்றுகூடப் பிசகாமல் சொன்னாள். துபாஷிதான் எண் மறந்துபோய் மறுபடி தாளைப் பார்த்தார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து நின்றார். இந்த அறையில் இருக்கும் யாருக்கும், என்னையும் சேர்த்து, இவள் புத்தி குறைந்ததில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

குழந்தைவேலுக்குப் பெருமையும் பயமும் ஒன்றாகப் பொங்கின. "அய்யா, புத்தி இருக்குது. நான்தான் குருடனா இருந்துட்டேன். ஆனா அவளுக்கு மாட்டேன்னு சொல்ல வராதுங்க. அத அளக்கலியே நீங்க?"

டாக்டர் பெட்டியின் அடிவரை தாள்களைப் புரட்டினார். பிறகு மூடினார். அதற்குத் தன்னிடம் தாள் இல்லை என்று துபாஷி வழியாக மெதுவாகச் சொன்னார். கோர்ட்டு கேட்டதும் புத்தியை மட்டும்தான்.

வாசலில் புங்கமரத்தடியில் ஏகநாதன் காத்திருந்தான். முடிவு அதற்குள் அவன் காதுக்குப் போய்விட்டது. பல்லெல்லாம் தெரிய எழுந்து வந்து, பத்திரத்தைப் பிரித்து, "ஒரு கைநாட்டு வையுங்க அண்ணி" என்று மைப்பெட்டியை நீட்டினான். அமுதத்தின் கட்டைவிரல் தானாகவே எழும்பியது.

போடாதே என்று கத்தத்தான் குழந்தைவேல் வாயைத் திறந்தான். சொன்னால் கேட்பாள், அது அவனுக்குத் தெரியும். இவன் ஒன்று கேட்கிறான், நான் ஒன்று கேட்கப்போகிறேன், இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று அந்த நொடியில் அவனுக்கு உறைத்தது. கடைசியில் வேறு ஏதோ வந்தது.

"உனக்கு இன்னா வேணும், அமுதம்?"

அவள் விரல் அப்படியே நின்றது. பன்னிரண்டு தாளிலும் தயங்காதவள் அண்ணன் முகத்தைப் பார்த்து விழித்தாள். இந்தக் கேள்வியை அவளிடம் இதுவரை யாருமே கேட்டதில்லை. ஏகநாதன் அவசரப்படுத்தினான். அவள் திரும்பி அவனைப் பார்த்தாள்.

"இரு. யோசிச்சு சொல்றேன்."

புடவையை ஒதுக்கிக்கொண்டு மரத்தடி வேரில் உட்கார்ந்தாள். குழந்தைவேல் எதிரே மண்ணிலேயே உட்கார்ந்தான். சாயங்காலம்வரை ஆனாலும் ஆகட்டும். அவள் ஒருவரைக் காக்கவைத்து அவன் அதுவரை பார்த்ததில்லை.