கூடத்துக் கடிகாரம்

பிப்ரவரி 11, செவ்வாய். திரைச்சீலை டெண்டர் அறிவிப்பில் ஒரு வரியை வெட்டியது நான்தான். வெட்டியிருக்கக் கூடாது.

நாட்குறிப்பில் இப்படி எழுதிவிட்டு, ‘நான்தான்’ தேவையா என்று யோசித்தாள் மருத்துவமனைக் கொள்முதல் பிரிவின் இளநிலை உதவியாளர். இருக்கட்டும் என்று விட்டாள். இனி எதையும் வெட்டத் துணிவில்லை.

எளிய மொழியில் ஒப்பந்தம் எழுதச் சொல்லித்தரும் மாலை வகுப்பில் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. ஒவ்வொரு வரியையும் பார்த்து, ‘இது போனால் யாருக்கு நஷ்டம்?’ என்று கேட்க வேண்டும் என்பது அங்கே பாடம். கேட்டுக் கேட்டு நாற்பது பக்க அறிவிப்பை ஆறு பக்கமாக்கினாள். ‘நேரத்துக்குக் கூடத்துக் கடிகாரமே ஆதாரம்’ என்ற வரியின் ஓரத்தில் ‘கடிகாரத்துக்கு’ என்று பதில் எழுதி, வரியை அடித்தாள். கண்காணிப்பாளர் படிக்காமல் கையெழுத்திட்டார்.

அந்தக் கடிகாரம் ஆறு நிமிடம் பின்னால் ஓடுகிறது. விதியே அதைச் சரி என்று சொல்லிவந்ததால் யாரும் அதைச் சரிசெய்யவில்லை.

இன்று மூன்று மணிக்குள் டெண்டர் உறைகளைப் பெட்டியில் போட வேண்டும். பதினோரு வருடமாகத் திரைச்சீலை தைத்துத் தரும் ஒப்பந்தக்காரர் காலையிலேயே போட்டுவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அலுவலகத்தில் அவருக்கு ‘நிரந்தரம்’ என்று பட்டப்பெயர். எதிர்க்கடைத் தையல்காரம்மா ஜன்னல் வழியே கூடத்துக் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துக் கடைசிப் பக்கத்தை நிரப்பி, ஓடிவந்து உறையை நீட்டினாள். கடிகாரத்தில் இரண்டு ஐம்பத்தாறு. நிரந்தரத்தின் கைபேசியில் மூன்று இரண்டு. நேரம் கடந்த உறை செல்லாது என்ற விதி மட்டும் அந்த ஆறு பக்க அறிவிப்பிலும் பத்திரமாக இருந்தது.

“நான் சொல்லலம்மா, நீங்க எழுதினது சொல்லுது,” என்றார் நிரந்தரம். “ரொம்பத் தெளிவா எழுதியிருக்கீங்க.”

கண்காணிப்பாளர் புதிய அறிவிப்பைப் புரட்டிப் பார்த்தார். “பழைய நாப்பது பக்கத்துல எனக்குப் புரிஞ்சது அந்த ஒரு வரிதாம்மா. அதையா தூக்குன?”

தையல்காரம்மா சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. “இத்தனை வருஷமா எதிர்லயேதான் இருக்கேன் பாப்பா, ஒரு தடவ கூட டெண்டர் போட்டதில்ல. இந்தத் தடவ படிச்சேன், புரிஞ்சுது, வந்தேன். புரியாம இருந்திருந்தா பேசாம கடையிலயே உக்காந்திருப்பேன்.”

வழி இரண்டுதான் என்றார் கண்காணிப்பாளர். உறையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பெட்டியைத் திறக்கலாம். அல்லது அறிவிப்பில் பிழை என்று, பிழை செய்தவர் கையெழுத்தோடு குறிப்பு வைத்து, டெண்டரை ரத்துசெய்து மறுபடி கோரலாம். “உன் புரொபேஷன் ஏப்ரல்லதான் முடியுது. அப்புறம் சொல்லலன்னு சொல்லாத.”

“பெட்டியத் திறக்காதீங்க சார்,” என்றாள்.

பெட்டிக்கு அரக்கு வைத்தார்கள். நிரந்தரம் கைபேசியைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்துபோனார்.

வீட்டில் அக்கா இரண்டு முறை சாப்பிடக் கூப்பிட்டாள். குறிப்பு முதலில் இரண்டு பக்கம் வந்தது. ஒவ்வொரு வரியிலும் அவளுக்குச் சாதகமாக ஏதோ ஒரு காரணம் இருந்தது. யாருக்கு நஷ்டம் என்று கேட்டு ஒவ்வொன்றாக அடித்தாள். வெட்டியது நான்தான் என்ற ஒரு வரி மிஞ்சியது. அதற்குக் கீழே கையெழுத்திட்டுவிட்டு நாட்குறிப்பை முடித்தாள்:

நாளை: குறிப்பைப் பத்து மணிக்குள் கண்காணிப்பாளரிடம் கொடுக்க வேண்டும். கூடத்துக் கடிகாரப்படி.