திரு போட்ட நாலு ஆட்டம்

இப்போதெல்லாம் சாவுக்கு வருகிறவர்களுக்கு எதைப் போட்டுக்கொண்டு வருவது என்றே தெரிவதில்லை. பெட்டிக்குள் கிடந்த மகனுக்கு வேலுமணி வாய்க்கரிசி போட்டுக்கொண்டிருந்தபோது, ஃப்யூனரல் ஹோமின் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு கூட்டம் பையன்கள் வந்தார்கள். எல்லாரும் பச்சைச் சட்டை, முதுகில் நம்பர். முன்னால் டக். அவன் தலையில் பச்சைத் தொப்பி. பிணத்தைக் கண்ட பிறகுதான் அதைக் கழற்றினான்.

டக் அந்தப் பையன்களின் ஃபுட்பால் டீமுக்குக் கோச். பேர்தான் ஃபுட்பால், பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிடாய் மாதிரி முட்டி ஓடுகிற இந்த ஊர் ஆட்டம். பேரன் முகிலனும் அந்த டீம்தான்.

டக், மருமகள் எழிலரசியின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னான்.

"என்னவாமா?" என்றார் வேலுமணி.

"அவரு டீமுக்கு ரொம்ப ஹெல்ப் பண்ணாருன்னு சொல்றாருங்க மாமா."

"ஹெல்ப்பா? எம்பையன் போட்ட ஆட்டம்டா அது. திருடித் தின்னுபோட்டு இங்க வந்து மூஞ்சியக் காட்டறியா, நாயே!"

எழிலரசி டக்கிடம் திரும்பி இங்கிலீஷில் ஏதோ மெதுவாகச் சொன்னாள். அதில் 'தேங்க்யூ' மட்டும் வேலுமணிக்குப் புரிந்தது. அன்று முழுக்க அவளோடு அவர் பேசவில்லை.

வெயில் காலம் பூராவும் மகன் திருமூர்த்தி சாப்பாட்டு மேசையில் டம்ளர்களைப் பரப்பி வைத்து அந்த ஆட்டத்தை யோசித்தான். எதிர் டீமின் டம்ளர்களை நகர்த்துவது வேலுமணியின் வேலை.

"நாலே நாலு ஆட்டம் போதுமுங்கப்பா. பத்து வயசுப் பசங்க தலையில அதுக்கு மேல நிக்காது. நாலுக்கும் ஒரே மாதிரிதான் நிப்பாங்க, எது வருதுன்னு எவனுக்கும் தெரியாது. வேணும்னா தோசையாட்ட வலத்தை இடமாத் திருப்பிப் போட்டுக்கலாம்" என்பான். வேலுமணி எப்படி நகர்த்தினாலும் தோற்பார்.

சீசன் தொடங்கியதும் டக் அதைத் தன் ஆட்டம் என்று பெற்றோர்களிடம் சொல்லிக்கொண்டான். உன் பேச்சு பையன்களுக்குப் புரியவில்லை என்று திருவைத் தண்ணீர் கேன் தூக்க விட்டான். செவ்வாய்க்கிழமை அந்தக் கேனோடுதான் திரு மைதானத்து ஓரத்தில் விழுந்தான். ஹார்ட் அட்டாக் என்றார்கள் டாக்டர்கள். அவர்கள் சொல்வார்கள்.

எரிக்கிற மெஷினின் பட்டனை முகிலன் அமுக்கினான். எல்லாரும் பெட்டி உள்ளே போவதைப் பார்த்தார்கள். வேலுமணி டக்கின் கழுத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மேட்ச்.

"ஐ வான்ட் டு ப்ளே மா. இட்ஸ் அப்பாஸ் டீம்" என்றான் முகிலன். துக்கம் கேட்க வந்த சொந்தக்காரர்கள் முகத்தைச் சுளித்தார்கள். எழிலரசி மாமனாரைப் பார்த்தாள். திட்டப்போகிறார் என்று நினைத்திருப்பாள்.

"போகட்டும். நானும் வர்றேன்" என்றார் அவர்.

மைதானத்தில் குளிர் காதை அறுத்தது. "ஒண்ணுக்குப் போயிட்டு வர்றேன்" என்று எழுந்தவர், வேலியைச் சுற்றிக்கொண்டு எதிர் டீமின் பெஞ்சுக்குப் போனார். அங்கே சிவப்புத் தொப்பிக்காரன் ஒருவன் விசில் ஊதிக்கொண்டிருந்தான். வேலுமணி அவர்களுடைய காகித டம்ளர்களை எடுத்துப் பெஞ்சில் பரப்பினார். பச்சைச் சட்டைகளைக் கை காட்டினார்.

"திஸ் பாய், பால். திஸ் பாய், சும்மா. லுக்."

முதல் ஆட்டத்தைக் காட்டும்போது அவன் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தான். இரண்டாவதுக்குக் குனிந்தான். நாலாவது முடியும்போது இன்னொரு கோச்சையும் கூப்பிட்டுக்கொண்டான். கிளம்பும்போது தோளில் தட்டிக்கொடுத்தான். டக் இன்றைக்கு இத்தனை பேர் முன்னால் நாறட்டும் என்று நினைத்தபடி வேலுமணி திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"எங்கங்க மாமா போனீங்க இவ்வளவு நேரம்?"

"வயசானா அப்படித்தான்."

விசில் ஊதினார்கள். பந்து முகிலன் கைக்கு வந்தது. சிவப்புச் சட்டைகள் எதற்கும் ஏமாறவில்லை. நேராக வலப்பக்கம் பாய்ந்து அவனை அமுக்கின. குவியலுக்கு அடியில் ஒரு சின்னக் கால் மட்டும் வெளியே தெரிந்தது.

வேலுமணி பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பந்து யார் கையில் இருக்கும் என்பதை அவர் யோசித்திருக்கவில்லை.

இரண்டாம் தடவையும் அப்படியே. டக் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தான். முகிலன் எழுந்து நொண்டினான். எதிரே எல்லாரும் வலப்பக்கமே அடைந்து நிற்பதைக் கொஞ்சநேரம் பார்த்தான். பிறகு கத்தினான்.

"தோசா! தோசா!"

வெள்ளைக்காரப் பையன், கறுப்புப் பையன் எல்லாரும் "தோசா" என்று திருப்பிக் கத்திக்கொண்டு இடப்பக்கம் திரும்பினார்கள். அங்கே ஒரு ஈ காக்கை இல்லை. முகிலன் ஓடினான். பந்தைச் சேர்க்க வேண்டிய கடைசிக் கோட்டைத் தாண்டியும் நிற்காமல் வேலி வரைக்கும் ஓடினான்.

டக் விரலை வானத்தை நோக்கி நீட்டி "திரு!" என்று கத்தினான். கூட்டமே எழுந்து நின்று "திரு! திரு!" என்றது. எதிர்ப்பக்கத்திலிருந்து சிவப்புத் தொப்பிக்காரன் வேலுமணியைப் பார்த்து முறைத்தான், ஏமாற்றிவிட்டாய் என்பதுபோல.

எழிலரசி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். "பாருங்க மாமா. அந்தாளே அவர் பேரத்தான் சொல்றாரு."

"செத்ததுக்கப்பறம் எவன் வேணும்னாலும் சொல்லுவான்" என்றார் வேலுமணி. "உசுரோட இருந்தப்ப எங்க போயிருந்துச்சு அந்த வாய்?"

"மாமா, குளுருல எங்க போறீங்க?"

அவர் மஃப்ளரைக் காதோடு இறுக்கிக்கொண்டு கார்கள் நின்ற பக்கமாக நடந்தார். பின்னால் மறுபடி விசில், மறுபடி கூச்சல். எந்தப் பக்கத்துக் கூச்சல் என்று அவர் திரும்பிப் பார்க்கவில்லை.